துணி ரோஜாவைத் தேடி வந்த தேனீக்கள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என் மூக்கு இன்னும் ஓய்வு பெறவில்லை. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் தீய ஆரம்பித்தால் அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. போய்க் கதவைத் தட்டினால் நன்றி சொல்வதை விட்டுவிட்டு முறைக்கிறார்கள். அதே மூக்குக்குப் போன வாரம் ஒரு செய்தி எட்டியது. துணிப் பூக்களுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஒன்றைத் தயாரித்திருக்கிறீர்களாம். டப்பாவின் மேல் 'தேனீயே ஏமாறும்' என்று அச்சடிக்கப் போகிறீர்களாம்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சேதராப்பட்டில் இருக்கும் நம் வாசனைக் கம்பெனி வாசலில் என்னைப் பார்த்தால் வாட்ச்மேனே இப்போது 'யாரைப் பாக்கணும்?' என்று கேட்கிறார். ஆனால் இந்த வாசகத்தை உங்களுக்கு முன்பே ஒருவர் யோசித்துவிட்டார். அவர் நம் பழைய மேனேஜர். யோசித்ததோடு நிறுத்தாமல் ஒரு கல்யாணத்தில் சோதித்தும் பார்த்தார். அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

முதலில் கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், கொஞ்சம்தான்.

பூ எதற்காக மணக்கிறது என்று வேலைக்குச் சேரும் எல்லாரையும் நான் கேட்பது வழக்கம். 'சாமிக்கு' என்பார்கள், 'பொண்ணுங்க தலைக்கு' என்பார்கள். ஒரு பையன் 'நம்ம கம்பெனிக்கு' என்றான், அவன் முன்னுக்கு வந்துவிட்டான். பூவுக்குச் சாமியும் தெரியாது, கம்பெனியும் தெரியாது. அதனால் நடக்க முடியாது. அதன் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போய்ச் சேர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைக் கூப்பிடத்தான் லினலூல், ஜெரானியால் என்று நாம் பீப்பாய் பீப்பாயாக வாங்கி வைக்கும் சரக்கையெல்லாம் அது தன் இதழிலேயே காய்ச்சிக் காற்றில் அனுப்புகிறது. ஒரே பொருள் இல்லை, பல பொருள்களின் கலவை. பூவுக்குப் பூ அளவு மாறும். அந்த அளவு வித்தியாசத்தை வைத்தே தேனீ ஆள் அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

நேரமும் முக்கியம். மல்லிகையை உச்சி வெயிலில் மோந்து பாருங்கள், ஏதோ கடமைக்கு மணக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் அதற்கு உற்சாகம் வரும். ஏனென்றால் அது கூப்பிடுவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சியை. பகலில் வியாபாரம் செய்யும் பூக்கள்தான் தேனீயை நம்பியிருக்கின்றன. சில பூக்கள் மகரந்தம் வந்து சேர்ந்ததும் மணப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேலை முடிந்த பிறகு எதற்கு வீண் செலவு என்ற கணக்கு.

தேனீ இதை எப்படி எடுத்துக்கொள்கிறது? வாசனையை உணர்கொம்பால் பிடித்து வருகிறது, உட்காருகிறது, குடிக்கிறது. குடித்ததும் அந்த வாசனையையும் இனிப்பையும் சேர்த்து மனசில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. எந்த நேரத்தில் குடித்தோம் என்பதும் அதற்கு நினைவிருக்கும். பிறகு கூட்டுக்குப் போய், உடம்பில் ஒட்டிய வாசனையோடு ஆடிக் காட்டி, ஊரையே கூட்டி வந்துவிடும். குடிக்க ஒன்றும் இல்லையென்றால்? இரண்டு தடவை வரும், மூன்றாவது தடவை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. வெறும் வாசனைக்கு மயங்கிச் சுற்றிச் சுற்றி வருகிற ஜீவன் நம்மில்தான் உண்டு, அதை வைத்துத்தான் நமக்குச் சம்பளம்.

பாடம் முடிந்தது. இனி செல்வியின் கல்யாணம்.

செல்வி பேக்கிங் பிரிவில் இருந்தவள். டப்பாவுக்கு மூடி போடும் வேகத்தில் மெஷினை வெட்கப்பட வைப்பாள். அப்பா மில்லில் வேலை பார்த்தவர், மில் மூடிய பிறகு கிடைத்த வேலையெல்லாம் செய்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை விழுப்புரம் பக்கம், நல்ல பையன். மாப்பிள்ளையின் அம்மா கோமளம் அம்மாளும் வரதட்சணை அது இது என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு ஆசைதான் சொன்னார். மேடை முழுக்க அசல் ரோஜாப் பூவாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கிளாஸ்டிக் கூடாது, தன் நாத்தனார்கள் எல்லாம் வந்து பார்ப்பார்கள்.

கேட்க எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் அது முகூர்த்த மாதம். ரோஜாவுக்கு விலை கேட்டால் பூக்காரர் முதலில் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். செல்வி என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா கடன் வாங்கறேன்னு கெளம்பறாருக்கா. ஒரு நாள் பூவுக்கு அவர் ஏன் ஆயுசுக்கும் வட்டி கட்டணும்? வேணாம்னு சொன்னா, மொத நாளே அத்த மூஞ்சி சுண்டிப் போயிடும். இன்னா பண்றதுன்னே தெரியலக்கா."

இதை மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் பேச்சைக் கேட்பதில் அவருக்கு இருந்த கவனம் மீட்டிங்கில் இருந்திருந்தால் கம்பெனி எங்கேயோ போயிருக்கும்.

"அழாத செல்வி. மேடை மொத்தமும் ரோஜா. நான் தர்றேன். கல்யாணப் பரிசு!"

அவர் தரப்போவது வாடகைக்குக் கிடைக்கும் துணி ரோஜா, அதன் மேல் நம் கம்பெனியின் புது ரோஜா ஸ்ப்ரே. அதைக் கலந்தவள் நான்தான், நன்றாகவே வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டால் ரோஜாத் தோட்டத்தில் நிற்கிற மாதிரியே இருக்கும். மேடைக்கும் நாற்காலிகளுக்கும் நடுவில் கயிறு கட்டி யாரையும் கிட்டே விடாமல் பார்த்துக்கொண்டால், கோமளம் அம்மாளின் நாத்தனார்கள் என்ன, ரோஜாச் செடியே ஏமாந்துவிடும் என்றார் மேனேஜர். செல்வி என்னைப் பார்த்தாள். எனக்கும் வேறு வழி தோன்றவில்லை.

கல்யாண மண்டபம் கோரிமேட்டுக்குப் போகும் சாலையில் இருந்தது. மண்டபத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டம். அது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு வந்த ஒருவருடையது. நம் ஊர் வழக்கப்படி அவரை எல்லாரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் வரிசையாகத் தேன் பெட்டிகள் வைத்திருந்தார். தன் பிள்ளைகள் பிரான்சில் இருப்பதால், தேனீக்களைத்தான் 'எம் பசங்க' என்பார்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையிலேயே மேடை தயாராகிவிட்டது. துணி வாடாது அல்லவா, அதனால் முன்கூட்டியே கட்டிவிட்டார்கள். முதல் தப்பு அங்கேதான். அசல் பூவை எந்த முட்டாள் முந்தின நாள் காலையில் கட்டுவான்? கோமளம் அம்மாள் மண்டபத்தைப் பார்க்க வந்தார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று மேடையை மேலும் கீழும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"வாசன தூக்குது. ஆனா நாளைக்கு வரைக்கும் வாடாதா இது?"

"பெங்களூர் ரோஜாம்மா. குளுகுளுன்னு வளந்தது, சீக்கிரம் வாடாது" என்றார் மேனேஜர்.

"இருக்கட்டும். இத்தினி பூ இருக்குது, ஒரு தேனீகூடக் காணமே? எங்க ஊர்ல பூக்கூடையில கைய வைக்க முடியாது, மொய்க்கும்."

செல்வியின் முகத்தில் இருந்த மஞ்சளெல்லாம் வெளுத்துப் போனது. மேனேஜர் மட்டும் அசரவில்லை.

"வரும்மா. பாண்டிச்சேரி தேனீ. கொஞ்சம் லேட்டாத்தான் எழுந்திரிக்கும்."

"அப்படியா? சரி, நானு சாப்ட்டுட்டு வந்து பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். அந்தக் குரலில் இருந்த சந்தேகம் எனக்கு நன்றாகவே கேட்டது.

அடுத்து மேனேஜர் செய்ததை நீங்கள் உங்கள் வாழ்க்கையில் செய்யக்கூடாது. நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். ஜாங்கிரிக்குக் காய்ச்சி வைத்திருந்த பாகில் ஒரு செம்பு வாங்கித் தண்ணீர் விட்டுக் கலக்கினார். என் பையில் இருந்த டிராப்பரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார். துணி ரோஜா ஒவ்வொன்றின் நடுவிலும் சொட்டு சொட்டாக விட ஆரம்பித்தார். நாலைந்து ரோஜாவை எடுத்துப் போய்ச் சொல்தாவின் தோட்டத்துச் சுவர் மேல் வரிசையாக வைத்து, அங்கிருந்து மேடை ஜன்னல் வரை இடைவெளி விட்டு இன்னும் சிலவற்றை வைத்தார். தேனீக்களுக்கு வழி காட்டினாராம்.

"சார், இதை இங்க செய்யாதீங்க" என்றேன். "வாசனையோட இனிப்பும் கிடைச்சா அதுங்க மறக்காது. நாளைக்கு இதே நேரம் முகூர்த்தம். பந்தியில உக்கார அதுங்களும் வந்துடும்."

"மேடம், சாயந்தரம் நானே ஈரத்துணி வெச்சி எல்லாப் பாகையும் தொடச்சிடறேன். அப்பறம் எதுக்கு வரப்போவுது?"

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் கையைக் கூப்பாத குறையாக நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சா போதும்க்கா. நாளைக்குத் தாலி ஏறிட்டா அப்பறம் பூவ யாரு பாக்கப் போறாங்க?"

மதியம் கோமளம் அம்மாள் திரும்பி வந்தபோது மேடையில் தேனீக்கள் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ரோஜாவிலும் ஒன்று தலையை விட்டுக்கொண்டிருந்தது. கூட வந்திருந்த நாத்தனாரிடம் அந்த அம்மாள் கையை நீட்டிக் காட்டினார். "பாத்தியா? தேனீயே உக்காருது. அசல் பூ." நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது கோமளம் அம்மாளுக்கு இன்னும் திருப்தியாக இருந்தது. மேனேஜர் என் காதருகே வந்து, "தேனீயே ஏமாறும். எப்டி மேடம் வாசகம்?" என்றார்.

சொன்னபடி அன்று சாயந்தரம் அவர் பாகையெல்லாம் துடைத்தார். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தேனீயின் மனசில் போட்ட முடிச்சை ஈரத்துணியால் துடைக்க முடியாதே.

மறுநாள் காலை நான் மண்டபத்துக்குப் போனதும் வாசலில் வரவேற்பு மேஜையைப் பார்த்தேன். சந்தனக் கிண்ணம், குங்குமம், தட்டு நிறைய கற்கண்டு, வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு. வருகிறவர்கள் மேல் பன்னீர் தெளித்து, கையில் கற்கண்டு கொடுத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தெளிப்பவர் நம் மேனேஜர். என் மேலும் தெளித்தார். தோளில் பட்ட துளியை என் மூக்கு ஒரு நொடியில் அடையாளம் கண்டுவிட்டது. அது பன்னீரே இல்லை. நான் கலந்த ரோஜா.

"சொம்புல இன்னா சார் ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"நம்ம சரக்குதான் மேடம், தண்ணி கலந்து. ஊரே மணந்துகினு போவட்டும். ஓசி விளம்பரம்!"

பிள்ளைகளே, அவர் செய்த காரியத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அத்தனை தேனீயும் முந்தின நாள்தான் இந்த வாசனைக்கு விருந்து சாப்பிட்டிருக்கிறது. இன்று அதே வாசனையை மண்டபத்துக்கு வந்த அத்தனை பேர் தலையிலும் தெளித்து, உள்ளங்கையில் சர்க்கரைக் கட்டியையும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். தேனீயின் கண்ணுக்கு அந்த மண்டபத்தில் சம்பந்திகள், மாமன்மார்கள் என்று யாரும் கிடையாது. எல்லாரும் ரோஜாப் பூ.

ஐயர் மணமக்களை உட்காரவைத்து மந்திரம் ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக முதலில் ஒன்று வந்தது. பிறகு பத்து வந்தது. அதன் பிறகு ஜன்னலே தெரியவில்லை.

மேடையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாகு இல்லையென்று தெரிந்ததும் அவை விருந்தாளிகளிடம் வந்தன. முதல் வரிசையில் இருந்த பெரியவரின் வழுக்கையை ஒன்று நிதானமாகச் சுற்றிப் பார்த்தது. ஓர் அம்மாள் கையில் இருந்த கற்கண்டில் மூன்று உட்கார்ந்துகொண்டன. அவர் கையை அப்படியே நீட்டிக்கொண்டு யாரிடமோ பிச்சை கேட்கிற மாதிரி நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் ஒன்று உட்கார்ந்தது. அவர் அதைப் பார்த்துப் பார்த்து இரண்டு கண்ணும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. நாதஸ்வரத்துக்குள் ஒன்று புகுந்துவிட்டது. வித்வான் ஊதுவதா, உறிஞ்சுவதா என்று தெரியாமல் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தவில்காரர் மட்டும் அவரைத் தனியே விட்டுவிட்டு வாசித்துக்கொண்டே இருந்தார். ஐயர் ஒருவர்தான் பத்திரமாக இருந்தார். ஹோமப் புகைக்குள் தலையை வைத்துக்கொண்டார்.

செல்வி தலையில் அசல் மல்லிகை வைத்திருந்தாள். மணமாலையை விட்டால் மேடையில் இருந்த ஒரே அசல் பூ அதுதான். அதன் பக்கம் ஒரு தேனீகூடத் திரும்பவில்லை. பாடம் பார்த்தீர்களா?

நெருக்கடியில் எல்லாருக்கும் யோசனை வரும், அதுதான் ஆபத்து. ஒருவர் துண்டைச் சுழற்ற ஆரம்பித்தார். ஒருவர் தீ வைக்கலாம் என்றார். மண்டபத்து மேனேஜர், "பயப்படாதீங்க, கொட்டினா ஆஸ்பத்திரி பக்கத்துலதான் கீது" என்று மைக்கில் ஆறுதல் சொன்னார். பாதிப்பேர் எழுந்து நின்றார்கள்.

நான் மைக்கைப் பிடுங்கினேன். "யாரும் கைய வீசாதீங்க. அதுங்க கோவமா வரல, பசியா வந்துகீது. சும்மா உக்காருங்க" என்றேன். துண்டைச் சுழற்றியவரை அவர் மனைவியே உட்காரவைத்தார்.

அப்போது நம் மேனேஜர் காருக்கு ஓடிப்போய் ஒரு டப்பாவோடு ஓடி வந்தார். "மேடம், வழி விடுங்க! இந்த வாசனைய வேற வாசனையால அமுக்கிடறேன்!" அவர் கையில் இருந்தது நம் கம்பெனியின் பழக்கலவை ரூம் ஸ்ப்ரே. அதில் தூக்கலாக இருப்பது வாழைப்பழ எசென்ஸ்.

நீங்கள் எல்லாரும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள், ஆனாலும் சொல்கிறேன். தேனீ கொட்டினால் கொடுக்கின் பக்கத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். 'எதிரி இங்கே இருக்கிறான், எல்லாரும் வந்து கொட்டுங்கள்' என்று அதற்குப் பொருள். அந்த வாசனையில் முக்கியமான சரக்கும், நாம் வாழைப்பழ எசென்ஸ் என்று விற்பதும் ஒன்றேதான். மண்டபம் நிறைய தேனீ, நடுவில் கல்யாணப் பெண், இவர் அதை அடிக்கப் போகிறார். டப்பாவின் மேல் விரலை வைத்துவிட்டார்.

என் உத்தியோக வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியின் கையை நான் கடித்தது அந்த ஒருமுறைதான். அவர் டப்பாவைக் கீழே போட்டார். அதை எடுத்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்றைக்கும் அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

ஆனால் மேலே என்ன செய்வது? தேனீயைத் துரத்தினால் சண்டை வரும். எதைத் தேடி வந்ததோ அதை வெளியே கொண்டு போவதுதான் ஒரே வழி. மேடையில் இருக்கிற ரோஜா மொத்தத்தையும் பிய்த்து, பாகோடு சேர்த்துத் தோட்டத்தில் வைத்தால், அவை பின்னாலேயே போய்விடும். விருந்தாளிகளைக் குழாயடியில் கழுவிவிடலாம். அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் என் கை எழவில்லை. பூவைப் பிய்த்தால் கம்பி தெரியும், துணி தெரியும், பின்பக்கம் ஒட்டியிருக்கும் கடை ஸ்டிக்கர்கூடத் தெரியும். கோமளம் அம்மாள் முதல் வரிசையில், நாத்தனார்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்க, தலையை முக்காடு போட்டு மூடிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகூர்த்த நேரமோ போய்க்கொண்டிருந்தது.

நான் குனிந்து செல்வியின் காதில் விஷயத்தைச் சொன்னேன். "பூவை எடுத்தாத்தான் இதுங்க போவும். எடுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நீ சொல்லு, இன்னா பண்ணட்டும்?"

அவள் கீழே பார்த்தாள். யாரோ ஒருவரின் மடியில் ஒரு சின்னப் பெண் குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கன்னத்தில் ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான், செல்வி எழுந்துவிட்டாள். ஐயர் "உக்காரும்மா, உக்காரும்மா" என்கிறார், அவள் காதில் வாங்கவில்லை. பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைக்கு மேல் தொங்கிய ரோஜாச் சரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். மூங்கிலோடு வந்துவிட்டது.

"துணிப்பூ அத்த" என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "எங்கப்பாவால அசல் பூ வாங்க முடியல. நாங்கதான் பொய் சொன்னோம். மொதல்ல கொழந்தைங்கள வெளிய அனுப்புங்க."

தவில்காரர்கூட நிறுத்திவிட்டார். செல்வியின் அப்பா தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்து எழுந்தவர் மாப்பிள்ளை. மூக்கில் தேனீயோடு, தலையை ஆட்டாமல் நடந்துபோய், அடுத்த சரத்தை அவர் இழுத்தார். அதற்குப் பிறகு இளசுகள் எல்லாம் ஏறிவிட்டார்கள். துணி ரோஜா மொத்தத்தையும் மேனேஜர் கழுத்தில் மாலை மாலையாகப் போட்டோம். மிச்சம் இருந்த ரோஜா ஸ்ப்ரேயை நான் என் கையாலேயே அவர் மேல் அடித்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் ஆனந்தமும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. கையில் ஜாங்கிரிப் பாகுக் குண்டானைக் கொடுத்து, "மெதுவா நடங்க சார், ஓடாதீங்க" என்றேன்.

அவர் நடந்தார். மண்டபத்தின் நடுவழியில், கழுத்து நிறைய ரோஜாவும் கையில் குண்டானுமாக, ஒரு சாமி புறப்பாடு போல நடந்தார். தேனீக்கள் ஒவ்வொன்றாக விருந்தாளிகளை விட்டுவிட்டு அவர் பின்னால் சேர்ந்துகொண்டன. வாசலைத் தாண்டும்போது அவர் முதுகே தெரியவில்லை. இந்த வேகத்தில் ஊர்வலம் போவதைப் பார்த்த நாதஸ்வர வித்வான், பழக்க தோஷத்தில் தன்னை மறந்து ஊதிவிட்டார். உள்ளே இருந்த தேனீயும் வெளியே வந்து ஊர்வலத்தில் கலந்துகொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சொல்தா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"மோன் தியே, கடவுளே! முசியே, எம் பசங்களுக்கு இன்னா கொடுத்தீங்க? காலையில இருந்து ஒருத்தனும் முருங்கப்பூ பக்கம் போவல!"

"ஜாங்கிரிப் பாகு" என்றார் மேனேஜர், உதட்டை அசைக்காமல்.

"பாகா? பசங்க பழக்கத்தையே கெடுத்துட்டீங்களே!" என்று அவர் பொழிந்த வசவில் பாதி பிரெஞ்சு, மேனேஜருக்குப் புரியவில்லை. கொட்டியது ஒரே ஒரு தேனீதான். குண்டானைக் கீழே வைக்கும்போது மேனேஜர் அந்தத் தேனீயின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

இதற்குள் இங்கே விருந்தாளிகள் எல்லாரும் பந்தி நடக்கும் இடத்துக் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேடை மூங்கிலும் கம்பியுமாக மொட்டையாக நின்றது. செல்வி திரும்பிவந்து மணையில் உட்கார்ந்தாள். தலையைக் குனிந்துகொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு துணி இதழ் அவள் சடையில் சிக்கிக்கொண்டிருந்தது, நான் பின்னால் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கோமளம் அம்மாள் எழுந்தார். நாத்தனார் ஒருத்தி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடை ஏறி வந்தார். திட்டப் போகிறார், இல்லையென்றால் பையனை எழுப்பிக்கொண்டு போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன். செல்வியின் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு தூணிலிருந்து ஓடி வந்தார்.

அந்த அம்மாள் செல்வியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் அவள் கண்ணைத் துடைத்தார். பிறகு காதருகே வாயைக் கொண்டு போனார். நான் சடைக்குப் பின்னால் இருந்ததால் எனக்கும் கேட்டது. செல்வியையும் அவள் மாமியாரையும் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இருவரும் சரி என்றார்கள், மாமனார் கையில் மட்டும் இது கிடைக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அழுவாதடி. என் கழுத்துல போட்டுகினு இருக்கறதுகூட கவரிங்தான். அசல வித்துத்தான் இவன படிக்க வெச்சேன். என் நாத்தனாருங்களுக்குத் தெரியாது, ஒங்க மாமாவுக்கே தெரியாது. வெளிய மூச்சு வுடாத."

செல்வி தலையை நிமிர்த்தாமல், அதே மெதுவான குரலில் சொன்னாள்.

"நிச்சயத்தன்னிக்கே பாத்துட்டேன் அத்த. வேர்வையில கழுத்து பச்சையா இருந்துச்சி. நான் யார்கிட்டயும் சொல்லல."

கோமளம் அம்மாள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, ஐயரைப் பார்த்து மண்டபம் அதிரக் கத்தினார்.

"இன்னா சாமி வேடிக்க பாத்துகினு கீறீங்க? என் மருமவளுக்கு நேரமாவுது, மேளத்த அடிக்கச் சொல்லுங்க!"